துயிலெழ மறுக்கும் கணினி

வீட்டு இணையப் பெட்டி முதலாய பல கருவிகளின் உள்ளே சிறு கணினியொன்று உறைகின்றது. அதனை உட்பொதிந்த கணினி என்பர். மின் பாய்ந்ததும் அது பிளாஷ் நினைவகத்தில் எழுதப்பட்டுள்ள நிரல்களைப் படித்துத் தன் தொழிலைத் தொடங்கல் வேண்டும். சிலவேளை விளக்கு மாத்திரம் மினுக்க, மேற்செல்லாது நின்றுவிடும். மாணவர் இதனை ‘ஹாங்’ என்பர். திகைத்து நிற்றல் என்றால் பொருள் இன்னும் துலங்கும் என்பது என் எண்ணம்.

உடனே நாம் செய்வது யாது? ஆளியை அணைத்து மீண்டும் போடுகின்றோம். தற்காலிக நினைவகத்தில் எழுந்த குழப்பமாயின் அதனால் தீரும். மின் நீங்கியதும் அங்குள்ளவை அழிந்துவிடுமன்றோ? பிளாஷ் நினைவகமோ மின் நீங்கினும் எழுதியதை மறவாது. அதன் சிறப்பும் அதுவே, இடரும் அதுவே. பழுது அங்கே பதிந்திருப்பின், நூறு முறை தொடக்கினும் கணினி அதே குழியில் விழும்.

இவ்வாறு விழுந்த கணினியொன்று கைக்கெட்டாத் தொலைவில் இருந்தது. அமெரிக்காவின் நாசா நிறுவனம் அனுப்பிய ஸ்பிரிட் என்னும் ஊர்தி 2004 ஜனவரி 4இல் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கியது. ஜனவரி 21இல் அது திடீரெனப் பேச்சை நிறுத்திற்று. அதன்பால் 256 மெகாபைற் பிளாஷ் நினைவகமும் 128 மெகாபைற் தற்காலிக நினைவகமும் இருந்தன. விண்வழிப் பயணத்தின்போது எழுதப்பட்டவை உட்பட ஆயிரக்கணக்கான கோப்புகள் பிளாஷில் குவிந்திருந்தன. தொடங்கும்போது அவற்றின் பட்டியலைத் தற்காலிக நினைவகத்தில் விரித்தல் வேண்டும். அதற்கு ஒதுக்கிய இடம் போதவில்லை. பணி இடையில் நின்றது. கணினி தன்னைத் தானே மீளத் தொடக்கிற்று. மீண்டும் அதே பட்டியல், அதே முட்டு. அறுபது முறைக்கு மேல் இவ்வாறு நிகழ்ந்தது. இரவிலும் ஊர்தி உறங்கவில்லை. மின்கலம் வற்றத் தொடங்கிற்று. மின் முற்றும் தீர்வதற்குள் காரணத்தைக் கண்டாக வேண்டும்.

கலிபோர்னியாவிலிருந்த பொறியியலார், பிளாஷை முதலிற் பழுதுபார்க்க முனைந்தாரல்லர். ‘பிளாஷைத் தொடாமலே எழுக’ என்னும் கட்டளையை அனுப்பினர். வானொலி அலை சென்றுசேரச் சுமார் 10 நிமிடம். ஊர்தி தற்காலிக நினைவகத்தை மாத்திரம் கொண்டு எழுந்தது, சொற்கேட்டது, உறங்கவும் செய்தது. ஐயம் உறுதியாயிற்று. பின்னரே வேண்டாத கோப்புகளை நீக்கினர். பெப்ரவரியில் பிளாஷை முழுதும் துடைத்து ஒழுங்கமைத்தனர். 90 செவ்வாய் நாள்களுக்கென வகுக்கப்பட்ட அவ்வூர்தி 2010 மார்ச் வரை செய்தி அனுப்பியது.

நம் மேசைமேலுள்ள கருவிக்கும் இம்முறையே ஏற்றது. தொடர்நிலை இணைப்புக் கம்பியைப் பூட்டி, திகைக்குமுன் கணினி எழுதிய இறுதி வரியைப் படித்தல் வேண்டும். எவ்விடத்தில் நின்றதென்பதை அவ்வரியே பெரும்பாலும் காட்டும். பின்னர் வேறோர் அட்டையிலிருந்தோ வலையமைப்பு வழியாகவோ எழுப்பிப் பார்க்கலாம். எழுந்தால் ஐயம் பிளாஷின்மேற் செல்லும். எழாவிடின் வேறிடந் தேடுக. குறைந்த மின்னழுத்தம் தரும் மலிவான மின்வழங்கியும் இதே நோய்க்குறியைக் காட்டவல்லது. ஆதலின் அதனை முதலிலேயே மாற்றிப் பார்த்தல் நன்று. ஆளியை ஓயாது அணைத்துப் போடுவதோ, எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை இடையில் அறுத்து, இல்லாத பழுதையும் உண்டாக்கக் கூடும்.