நாகமான் யார் பேச்சைக் கேட்டான்?

2 இராஜாக்கள் 5-ஆம் அதிகாரத்தைப் பலமுறை படிச்சிருக்கேன். இந்தத் தடவை ஒன்றை மட்டும் குறித்துக்கொண்டே வந்தேன். குஷ்டரோகியான நாகமானுக்கு வழி சொன்னது யார் யார்?

முதலில், சிறைபிடித்து வந்த ஒரு சின்னப் பெண். அப்புறம் எலிசா அனுப்பிய ஆள். எலிசா வெளியே வரவே இல்லை. கடைசியாக அவனுடைய ஊழியக்காரர். ராஜாக்களும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் கடிதம் எழுதுகிறார், இன்னொருவர் அதைப் படித்து வஸ்திரத்தைக் கிழித்துக்கொள்கிறார். அவ்வளவுதான்.

10 தாலந்து வெள்ளியும் 6000 சேக்கல் பொன்னும் கொண்டுவந்த சீரியப் படைத்தலைவனுக்கு, 'யோர்தானில் 7 தரம் குளி' என்றது அவமானமாகப் பட்டது. பெரிய காரியமாகச் சொல்லியிருந்தால் செய்திருப்பீரே என்று ஊழியக்காரர் கேட்கிறார்கள். (எனக்கும் அப்படித்தான். 3 நாள் உபவாசம் இரு என்றால் இருந்துவிடுவேன். தம்பிக்கு போன் போட்டு மன்னிப்புக் கேள் என்றால், நாலு வருஷமாச்சு.)

விசுவாசம் முழுசாக வந்த பிறகுதான் கீழ்ப்படிய முடியும் என்று நினைத்திருந்தேன். இங்கே வரிசை வேறு. 14-ஆம் வசனத்தில் இறங்கி முழுகுகிறான். இஸ்ரவேலின் தேவனே தேவன் என்று அறிக்கையிடுவது 15-இல்தான். அதே வசனத்தில், கோபித்துக்கொண்டு போன அந்த மனுஷன் எலிசாவிடம் தன்னை 'அடியேன்' என்கிறான்.