வயல் விடும் ஏப்பம்

காவிரிப் படுகையில் ‘மீத்தேன்’ என்ற சொல்லைக் கேட்டிராத பள்ளிப் பிள்ளைகள் குறைவு. 2010-இல் மன்னார்குடியை மையமாகக் கொண்டு 691 சதுர கிலோமீட்டர் பரப்பில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க ஒரு தனியார் நிறுவனத்துக்கு அனுமதி கிடைத்தது. நம்மாழ்வார் அதை எதிர்த்து ஊர் ஊராகச் சென்று பேசினார். 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. எல்லாம் அவர்கள் பெரியவர்களின் பேச்சில் கேட்டு வளர்ந்த கதை. ஆனால், அந்த வாயு எப்படியிருக்கும் என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். கறுப்பாக இருக்கும், நாறும், பூமிக்கடியில் அடைபட்ட பூதம் என்கிறார்கள். பெரியவர்களின் விடையும் பெரிதாக வேறுபடுவதில்லை.

பூதத்துக்கு நிறமில்லை, மணமுமில்லை. ஒரு கார்பன் அணு, அதைச் சுற்றி நான்கு ஹைட்ரஜன் அணுக்கள். ஒரு தலை, இரு கை, இரு கால் என்று வைத்துக்கொள்ளலாம். சேற்றைக் கலக்கும்போது எழும் அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்பைடு செய்யும் குறும்பு. பழி மட்டும் மீத்தேனுக்கு. 1776-இல் இத்தாலியின் மஜோரே ஏரிக்கரையில் அலெசாண்ட்ரோ வோல்ட்டா சேற்றைக் கோலால் கிளறி, மேலெழுந்த குமிழிகளைப் புட்டியில் பிடித்துத் தீ மூட்டிப் பார்த்தார். நம் பிள்ளைகள் நடவு வயலில் இறங்கிக் காலால் அதே ஆய்வின் முதற்பாதியைச் செய்கிறார்கள், புட்டிதான் இல்லை. இரவில் சதுப்பில் தென்படுவதாகச் சொல்லப்படும் கொள்ளிவாய்ப் பிசாசுக்கும் இவ்வாயுவே காரணம் என்று நெடுங்காலமாக விளக்கம் கூறப்பட்டு வருகிறது.

வயலுக்குள் இது எப்படி வந்தது? தொழி உழுது நீரைத் தேக்கினால், மண்ணுக்குள் காற்று புகும் வழி அடைபடுகிறது. எஞ்சிய உயிர்வளியைச் சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் விரைவில் தீர்த்துவிடும். அதன்பின் பந்திக்கு வருபவை, உயிர்வளி பட்டாலே ஒடுங்கிவிடும் வேறோர் இனம். மட்கும் தாளும் தழையும் வேர்க்கசிவும் அவற்றுக்கு விருந்து. உண்டு முடித்து விடும் ஏப்பமே மீத்தேன். மாட்டின் முதல் இரைப்பையிலும் இவற்றின் உறவினரே குடியிருக்கிறார்கள். மாடு மீத்தேனைப் பெரும்பாலும் பின்வழியாக விடுவதில்லை, வாய்வழியாகத்தான் என்று சொன்னபோது ஒரு வகுப்பே ஏமாந்து போனது.

இதில் நெற்பயிரும் உடந்தை. வேருக்குக் காற்றைக் கொண்டுசெல்ல அதன் தண்டுக்குள் நுண்ணிய காற்றறைகள் உண்டு. இளநீரில் இட்ட உறிஞ்சுகுழல் போல அதே வழியாக மீத்தேன் மேலேறி வெளியேறுகிறது. குமிழியாக வெளிவருவதைக் காட்டிலும் இப்படிக் கமுக்கமாகப் போவதே மிகுதி.

நூறாண்டுக் கணக்கில், ஒரு கிலோ மீத்தேன் ஒரு கிலோ கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. உலகில் மனிதச் செயல்களால் வெளியாகும் மீத்தேனில் 8 முதல் 10 சதவீதம் நெல்வயல்களுடையது. “அப்படியானால் எடுத்தே விற்றிருக்கலாமே?” என்று ஒரு சிறுமி கேட்டாள். வயல் வாயு காற்றில் சிதறிவிடுவது. பிடித்து விற்க இயலாது. நிலக்கரிப் படுகையிலுள்ளதோ நீரின் அழுத்தத்தால் கரியோடு ஒட்டிக் கிடப்பது. அதை விடுவிக்க நிலத்தடி நீரை இறைத்தாக வேண்டும். கடலோரப் படுகையில் அந்த நீர் இறைப்பைத்தான் உழவர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சம் நியாயமானது என்பதே என் கருத்து.

வயலின் ஏப்பத்தைக் குறைக்க மருந்து உண்டு. அதற்குத் தமிழில் அழகான பெயரும் உண்டு: காய்ச்சலும் பாய்ச்சலும். துளையிட்ட ஒரு குழாயை வயலில் ஊன்றி, அதனுள் நீர்மட்டம் மண்பரப்புக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை காயவிட்டு, பிறகு பாய்ச்ச வேண்டும். காயும் நாள்களில் மண்ணுக்குள் காற்று நுழைய, ஏப்பக்காரர்கள் ஒடுங்குகிறார்கள். மீத்தேன் ஏறத்தாழப் பாதியாகக் குறையும், நீரும் மிச்சம், அளவோடு செய்தால் விளைச்சல் குறையாது. நடவுக்குப் பின் முதல் இரு வாரமும் பூக்கும் பருவமும் மட்டும் விலக்கு. யூரியாவை அள்ளி இறைத்துவிட்டுக் காயப்போட்டால் நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும். பெயர் சிரிப்பூட்டும் வாயு. ஆனால் வெப்பத்தைப் பிடிப்பதில் மீத்தேனையும் விஞ்சியது.

இவ்வளவு எளிய மருந்தை உழவர் ஏன் உடனே ஏற்பதில்லை என்று நகரத்து நண்பர்கள் கேட்கிறார்கள். ஆழ்துளைக் கிணறு உள்ளவர் ஏற்கலாம். விசையைத் தட்டினால் அவருக்கு நீர். வாய்க்காலை நம்பியிருக்கும் கடைமடைக்காரரின் நிலை வேறு. முறைப்பாசனத்தில் இன்று வரும் நீர் அடுத்த முறை வருமா என்ற ஐயத்தில், கிடைத்தபோதே வரப்பு விளிம்புவரை நிரப்பி வைக்கிறார். மேட்டூரிலிருந்து திறக்கும் நீர் எந்தத் தேதியில் எந்த மடைக்கு வரும் என்பதை முன்கூட்டி அறிவித்து, அதை ஒரு பருவம் முழுதும் தவறாமல் காப்பாற்றினால், தன் வயலைக் காயவிட அவர் துணிவார். அதற்கு முன்பே குழாயை இலவசமாகக் கொடுத்தால், அது பிள்ளைகளின் விளையாட்டுக்குத்தான் உதவும்.