ஈயம் சூட்டைத் தேடி ஓடும்

கோடையில் வற்றிக் கிடந்த திருவண்ணாமலை சமுத்திரம் ஏரியில் என் அக்கா மகன் தன் ரேடியோ கண்ட்ரோல் விமானத்தைப் பறக்கவிட்டான். நான்காவது நிமிடம் மோட்டார் நின்றது. விமானம் ஏரி மண்ணில் மூக்குக் குத்தி விழுந்தது. பேட்டரியில் சார்ஜ் இருந்தது, மோட்டாரிலும் கோளாறு இல்லை. பேட்டரியின் மஞ்சள் கனெக்டரிலிருந்து சிவப்பு வயர் மட்டும் கழன்று தொங்கியது. அதைச் சுற்றியிருந்த நைலான் இளகிக் கோணியிருந்தது.

2018இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்‌ஷா குழு இரண்டாம் இடம் பிடித்தது. நடிகர் அஜித்குமார் அதற்கு ஆலோசகர். அந்தச் செய்தியைப் படித்த நாள் முதல் அக்கா மகனுக்கு விமானப் பைத்தியம். அந்த கனெக்டரை அவனே பற்றவைத்திருந்தான்.

ரேடியோ, டிவி மெக்கானிக்குகள் இந்தக் கோளாறை 'டிரை சால்டர்' என்பார்கள். ஈயம் மேலே உட்கார்ந்திருக்கும், உலோகத்தோடு சேர்ந்திருக்காது. ரேடியோவில் அப்படி இருந்தால் கரகரவென்று சத்தம் வரும், அவ்வளவுதான். விமானத்தில் ஓடும் கரண்ட் வேறு. 11.1 வோல்ட், 2,200 மில்லி ஆம்பியர்-மணி லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் '25சி' என்று எழுதியிருந்தால், அது கொள்ளளவைப் போல் 25 மடங்கு, அதாவது 55 ஆம்பியர் வரை கொடுக்கும் என்று பொருள். சரியாகச் சேராத இணைப்பில் ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு மின்தடை இருக்கிறது என்று வையுங்கள். அதன் வழியாக 50 ஆம்பியர் ஓடினால் அங்கே 25 வாட் சூடு பிறக்கும். கடையில் நாம் வாங்கும் சாதாரண சால்டரிங் அயர்னும் 25 வாட்தான்! இணைப்பே அயர்னாக மாறித் தன்னைத் தானே கழற்றிக்கொள்கிறது.

எங்கே தவறினான் என்று அவனுக்குச் சொல்ல, ஈயம் பூசுகிறவரைத்தான் நினைத்துக்கொண்டேன். தெருமுனையில் குழி தோண்டி, கரியைப் போட்டுத் துருத்தியால் ஊதி, பித்தளை அண்டாவை அதன்மேல் வைத்துக் காய்ச்சுவார். நவச்சாரத்தைத் தூவியதும் வெண்புகை கிளம்பும். அப்போதுதான் ஈயக் குச்சியை அண்டாவில் வைத்து இழுப்பார், துணியால் ஒரு சுற்று தேய்ப்பார். வெள்ளிபோல ஒரு பளபளப்பு உள்ளே ஓடிப் பரவும். ஈயத்தை அவர் தனியே உருக்கி ஊற்றுவதில்லை. காய்ந்த பாத்திரமே அதை உருக்கும். சூடு எட்டாத இடத்தில் ஈயம் ஒட்டாது.

சால்டரிங்கும் இதே வேலைதான். பித்தளைக்குப் பூசுவது வெள்ளீயம். வயருக்கு வைப்பது வெள்ளீயமும் காரீயமும் கலந்தது. வெள்ளீயம் உருக 232 டிகிரி செல்சியஸ் வேண்டும், காரீயம் உருக 327. இரண்டையும் 63க்கு 37 என்று கலந்தால் 183 டிகிரியிலேயே உருகிவிடும். நவச்சாரத்தின் இடத்தில் இங்கே ரோசின், பைன் மரப் பிசினிலிருந்து எடுப்பது. இரண்டுக்கும் வேலை ஒன்றே: உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடை நீக்குவது. அதற்காக நவச்சாரத்தை வயரில் தடவிவிடாதீர்கள், மிச்சம் தங்கிச் செம்பை அரித்துவிடும். சுத்தமான, சூடான செம்பைத் தொட்டால் வெள்ளீயம் அதோடு கலந்து மெல்லிய புதுப் படலமாகிறது. பிடிப்பு அந்தப் படலத்தில்தான் இருக்கிறது.

பேட்டரி வயரில் நூற்றுக்கணக்கான மெல்லிய செம்பு இழைகள் உண்டு. 25 வாட் அயர்ன் தரும் சூட்டை அவை உறிஞ்சி வயர் நெடுகக் கடத்திவிடும். பையன் அரை நிமிடம் அழுத்திப் பிடித்தும் செம்பு காயவில்லை, நைலான்தான் இளகியது. அகலமான பட்டை முனை கொண்ட 60 வாட் அயர்ன் சில விநாடிகளில் வேலையை முடித்துவிடும். பெரிய அயர்னில்தான் பிளாஸ்டிக் பிழைக்கிறது என்பதை அவன் கண்ணால் பார்க்கும்வரை நம்பவில்லை.

மறுபடி பற்றவைக்கும்போது, சூட்டில் சுருங்கி இணைப்பை மூடும் ஹீட் ஷ்ரிங்க் டியூபை முதலில் வயரில் மாட்டிவிட வேண்டும். மறந்தால் எல்லாவற்றையும் கழற்ற நேரும். எக்ஸ்டி60 என்னும் இந்த மஞ்சள் கனெக்டரோடு அதன் ஜோடியைச் செருகி வைத்தால், நைலான் இளகினாலும் பின்கள் கோணாது. வயர் நுனிக்கு ஈயம் பூசி, கனெக்டரின் கிண்ணத்திலும் பாதிக்கு நிரப்பி, கிண்ணத்தைக் காய்ச்சி வயரை உள்ளே இறக்க வேண்டும். ஈயம் இறுகும்வரை கை ஆடக் கூடாது.

லிப்போவுக்கு ஸ்விட்ச் கிடையாது. பழைய கனெக்டரை நீக்க இரண்டு வயரையும் ஒன்றாக வெட்டினால் கத்தரியே ஷார்ட் ஆகித் தீப்பொறி பறக்கும், பேட்டரி தீப்பிடிக்கவும் கூடும். ஒரு வயரை முடித்து மூடிய பிறகே அடுத்ததைத் தொடவேண்டும். பேட்டரிப் பக்கம் எப்போதும் பெண் கனெக்டர்தான், அதன் முனைகள் உள்ளடங்கி இருக்கும். புகை போக ஜன்னலைத் திறந்து வையுங்கள். காரீயம் பட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் வைக்காதீர்கள்.

மறு ஞாயிறு அதே ஏரியில் ஆறு நிமிடம் பறந்து இறங்கியது விமானம். ஓடிப்போய் கனெக்டரைத் தொட்டுப் பார்த்தான். "மாமா, பேட்டரி சுடுது, இது சுடவே இல்ல" என்றான்.