உங்களுக்குத் தெரியுமா? பெண்ட் பைப்பின் நிறமே வெப்பமானி!

கோட்டுகால், நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கத்துச் சாலைகளில் ஓடும் புல்லட்டானாலும் சரி, மணலில் பாயும் நான்கு சக்கர ஏடிவி ஆனாலும் சரி, எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் பெண்ட் பைப் தன் சூட்டை நிறத்தில் எழுதிவைக்கும். சாதாரண எஃகு சுமார் 230 டிகிரி செல்சியசில் வைக்கோல் நிறம், 280-இல் ஊதா, 300-இல் நீலம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இதே நிறங்கள் இன்னும் கூடுதல் சூட்டில்தான் வரும். 700-ஐ நெருங்கினால் இருட்டில் மங்கிய சிவப்பாகத் தெரியும்.

1955-இல் சென்னையில் தயாரிப்பு தொடங்கிய புல்லட்டில் பலரும் செய்யும் மாற்றம், ஏர் ஃபில்டரையும் சைலன்சரையும் மாற்றுவது. காற்று கூடுகிறது, கார்புரேட்டர் ஜெட் பழையதே. 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கு குலைந்து, பெண்ட் பைப் கூடுதலாகச் சூடேறுகிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: வெளிர் பழுப்பு நல்லது, சுண்ணாம்பு வெள்ளை என்றால் பெட்ரோல் போதவில்லை.

பலர் கவனிக்காதது இக்னிஷன் டைமிங். தீப்பொறி தாமதித்தால், எரிந்து முடியாத கலவை எக்ஸாஸ்ட் வால்வு திறந்தபின்னும் எரிந்து, சூட்டைக் குழாய்க்குள் தள்ளுகிறது. ஜெட்டை மட்டும் மாற்றிப் பணத்தை வீணாக்காதீர்கள். டைமிங்கையும், இன்டேக் ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள்.

நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டுச் சோதிப்பதும் தவறு. காற்று வீசாவிட்டால் நல்ல எஞ்சினின் குழாயும் பழுக்கும்.