கைப்பேசியில் தமிழ்த் தட்டச்சு

கைப்பேசி விசைகளின் வழியாகத் தமிழ் எழுத்துகளை உள்ளிடுவது கைப்பேசித் தமிழ்த் தட்டச்சு எனப்படும். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் செயலி 2005ஆம் ஆண்டு பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் வெளியிடப்பட்டது. 2013இல் ஐஓஎஸ் 7 பதிப்பு, தமிழ்99, அஞ்சல் ஆகிய இரு விசைப்பலகைகளுடனும் வந்தது.

இரு முறைகள்

அஞ்சல் போன்ற ஒலிபெயர்ப்பு முறைகளில் ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் தமிழ் எழுத்து தோன்றும். ஆங்கிலம் அறிந்தவர்க்கு இது எளிது. ஆனால் ந, ன, ண மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஓரெழுத்தே இருப்பதால் பிழை நேரக்கூடும்.

1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 முறையில் தமிழ் எழுத்துகளையே தட்டுகிறோம். எடுத்துக்காட்டாக, காஞ்சிபுரம் மாவட்டத்துத் 'தென்னேரி' என்னும் ஊர்ப்பெயருக்கு த, எ, ன, ன, ஏ, ர, இ என 7 விசைகள் போதும். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவது தானாகவே புள்ளி பெறும்.

மொழி மாற்றம்

அமைப்புகளில் தமிழைச் சேர்த்தபின், விசைப்பலகையிலுள்ள உலக உருண்டை விசையைத் தொட்டு ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறலாம்.

ஏன் தமிழ் எழுத்தில்?

பலர் தமிழை ஆங்கில எழுத்திலேயே எழுதுகின்றனர். அப்போது தென்னேரியை ஆளுக்கொரு விதமாக எழுத நேரும். ஒருவர் எழுதியதை மற்றவர் தேடினால் அகப்படாமல் போகலாம். தமிழில் அதற்கு ஒரே வடிவம்தான். எந்த முறையில் தட்டினாலும் அது ஒரே ஒருங்குறி வரிசையாகச் சேமிக்கப்படுவதால், அஞ்சலில் எழுதியதைத் தமிழ்99 பயன்படுத்துபவரும் தேடி எடுக்கலாம்.