அறுபத்து நான்கு சின்னக் கணினிகள்

1980களின் தொடக்கத்தில் பல இயற்பியல் துறைகளில் கணினி என்றால் வேக்ஸ் 11/780தான். அலமாரி அளவுள்ள அந்த ஒற்றை இயந்திரத்தைத் துறை முழுவதும் பங்கிட்டுக்கொள்ளும். அமெரிக்காவின் கால்டெக்கில் இருந்த இயற்பியலாளர் ஜெஃப்ரி ஃபாக்ஸுக்கு அது போதவில்லை. புரோட்டானுக்குள் குவார்க்குகளைப் பிணைக்கும் விசையைச் சமன்பாடாக எழுதிவிடலாம். கையால் தீர்ப்பது நடக்காத காரியம். வெளியையும் காலத்தையும் கட்டங்களாகப் பிரித்து, புள்ளி புள்ளியாகக் கணக்கிட வேண்டும்.

ஃபாக்ஸும் கணினி அறிவியலாளர் சார்லஸ் சைட்ஸும் சேர்ந்து 1983இல் காஸ்மிக் கியூப் என்ற இயந்திரத்தை இயக்கிக் காட்டினார்கள். உள்ளே 64 சின்னக் கணினிகள். ஒவ்வொன்றிலும் இன்டெல் 8086 செயலி, தசமக் கணக்குகளுக்குத் துணையாக 8087, 128 கிலோபைட் நினைவகம். பொது நினைவகம் கிடையாது. பக்கத்துக் கணினியிடம் இருக்கும் எண் வேண்டுமென்றால் கம்பி வழியே செய்தியாகத்தான் வரவேண்டும்.

அந்தக் கம்பிகளை இணைத்த விதம்தான் என்னை மிகவும் கவர்கிறது. 0 முதல் 63 வரை ஒவ்வொரு கணினிக்கும் ஆறு இலக்க இரும எண். எந்த இரண்டு எண்கள் ஒரே ஓர் இலக்கத்தில் மட்டும் வேறுபடுகின்றனவோ அவற்றுக்கிடையே ஒரு கம்பி. ஆக, ஒவ்வொன்றுக்கும் ஆறு அண்டை, மொத்தம் 192 இணைப்புகள். எந்தக் கோடியிலிருந்து எந்தக் கோடிக்கும் ஆறே தாவலில் செய்தி போய்விடும்.

இயற்கையும் இதற்கு ஒத்துழைத்தது. கட்டத்தின் ஒரு புள்ளியைப் பாதிப்பது அதன் அண்டைப் புள்ளிகள் மட்டுமே. வெளியை நான்குக்கு நான்குக்கு நான்கு என 64 பெட்டிகளாக வெட்டி, ஆளுக்கொன்றாகக் கொடுத்தால், எல்லைச் சுவர்களில் உள்ள எண்களை மட்டும் பரிமாறினால் போதும். பக்கத்துக்கு 10 புள்ளிகள் உள்ள பெட்டியில் கணக்கிட வேண்டியவை 1,000. ஆறு சுவர்களிலும் சேர்த்து அனுப்ப வேண்டியவை சுமார் 600. பக்கத்தை 20 ஆக்கினால் கணக்கு 8,000, அனுப்புவது 2,400தான். பெட்டி பெரிதாகப் பெரிதாக, காத்திருக்கும் நேரத்தின் பங்கு குறைகிறது. மலிவான சில்லுகள் வேக்ஸை முந்தியது இப்படித்தான்.

1994இல் நாசாவின் காடர்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் கடையில் கிடைக்கும் 16 செயலிகளை ஈதர்நெட்டால் இணைத்து, லினக்ஸை ஓட்டினார்கள். அதன்பின் இத்தகைய கணினிக் கூட்டத்தை, அதாவது கிளஸ்டரை, துறைகள் தாங்களே கட்டிக்கொள்ள முடிந்தது. சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் 2004இல் அமைத்த கப்ரு கிளஸ்டரும் அதே குவார்க் கணக்குக்காகக் கட்டப்பட்டதுதான். அதில் 144 கணினிகள். அந்த ஆண்டு உலகின் முதல் 500 அதிவேகக் கணினிகளின் பட்டியலில் அது இடம்பிடித்தது.