மறதியா, கொலையா? காருக்குள் இறந்த குழந்தையும் சட்டம் தேடும் எண்ணமும்

2014 ஜூன் 18ஆம் திகதி, அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் ஒரு தந்தை தனது 22 மாதக் குழந்தையுடன் காலையுணவு உண்டார். பின்னர் குழந்தையைப் பராமரிப்பு நிலையத்தில் விடாமல் நேரே அலுவலகம் சென்றார். சுமார் ஏழு மணித்தியாலங்கள் காருக்குள்ளேயே இருந்த குழந்தை வெப்பத்தால் இறந்தது. மறந்துவிட்டேன் என்றார் தந்தை. வேண்டுமென்றே விட்டார் என்றது வழக்குத் தொடுநர் தரப்பு.

விளைவை மட்டும் பார்த்து எவரையும் கொலையாளி என்று குற்றவியல் சட்டம் முடிவு செய்வதில்லை. அந்த வேளையில் அவரது மனதில் என்ன இருந்தது என்பதையும் கேட்கிறது. குழந்தை இறக்க வேண்டும் என்றே பூட்டிச் செல்வது ஒரு வகை. ஆபத்து எனத் தெரிந்தும் 'ஐந்து நிமிடம்தானே' என்று விட்டுச் செல்வது இன்னொரு வகை. பிள்ளை பின்னால் இருப்பதே நினைவில் இல்லாமல் கதவைப் பூட்டுவது மூன்றாவது வகை. மூன்றின் முடிவும் ஒரு சிறிய ஜனாஸாதான். ஆனால் மூன்றும் ஒரே குற்றமல்ல.

இது நமக்குப் புதிய விடயமல்ல. தவறுதலாக நடந்த கொலைக்கும் வேண்டுமென்று செய்த கொலைக்கும் அல்குர்ஆன் (4:92, 93) வெவ்வேறு சட்டம் கூறுகிறது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையும் கொலையை வேறாகவும், கவனயீனத்தால் மரணம் விளைவித்தலை 298ஆம் பிரிவில் வேறாகவும் வைத்துள்ளது. பின்னையதற்கு அதிகபட்சம் 5 வருடச் சிறைத்தண்டனை.

பெற்ற பிள்ளையை ஒருவர் மறப்பாரா? இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர் தென் புளோரிடா பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் டயமண்ட். தினமும் செல்லும் பாதையில் வண்டி ஓட்டும்போது மூளையின் பழக்க நினைவு பொறுப்பேற்றுக் கொள்கிறது. 'இன்று பிள்ளையை இறக்கிவிட வேண்டும்' என்ற திட்ட நினைவை அது அமுக்கிவிடலாம். தூக்கமின்மை, மன அழுத்தம், வழமை மாறிய நாள் ஆகியவை இதனை இலகுவாக்குகின்றன. முன் ஆசனக் காற்றுப்பைகள் பிள்ளைகளுக்கு ஆபத்து என்பதால் 1990களில் அமெரிக்காவில் அவர்கள் பின் ஆசனத்துக்கு மாற்றப்பட்டனர். அந்தப் பாதுகாப்பே அவர்களைச் சாரதியின் கண்ணிலிருந்து மறைத்தது. அந்நாட்டில் 1998 முதல் ஆண்டுக்குச் சராசரியாக 37 பிள்ளைகள் வரை இவ்வாறு இறக்கின்றனர். அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை மறதியால் நேர்ந்தவை.

ஆனால் எல்லோரும் 'மறந்துவிட்டேன்' என்று சொல்லலாமே? உண்மைதான். அதனால்தான் எண்ணத்தை ஆதாரத்தால் நிரூபிக்க வேண்டும். ஜோர்ஜியா வழக்கில், அத்தந்தை பிற பெண்களுக்கும் வயது குறைந்தோருக்கும் அனுப்பிய ஆபாசச் செய்திகள் நீதிமன்றில் விரிவாகக் காட்டப்பட்டன. 2016இல் ஜூரிகள் அவரைக் கொலைக் குற்றவாளியாகக் கண்டனர். பரோலில் வெளிவர முடியாத ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2022இல் மாநில உயர் நீதிமன்றம் 6க்கு 3 என்ற பெரும்பான்மையில் கொலைத் தீர்ப்பை இரத்துச் செய்தது. அச்செய்திகளில் பெரும்பகுதி, கொலை எண்ணத்தை நிரூபிப்பதை விட ஜூரிகளின் மனதில் வெறுப்பை வளர்க்கவே உதவியது என்பது காரணம். 2023இல் வழக்குத் தொடுநர் மீண்டும் விசாரிப்பதில்லை என அறிவித்தார். ஏனைய பாலியல் குற்றத் தீர்ப்புகள் நீடித்தன.

அவர் நல்லவர் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. கெட்டவர் என்பது வேறு, இந்தக் கொலையைச் செய்தார் என்பது வேறு என்றே சொன்னது. ஒரு துயரச் செய்தி முகநூலில் வந்ததும் 'இவளெல்லாம் ஒரு தாயா' என்று எழுதுகின்ற நாம் இந்த வேறுபாட்டைக் கற்க வேண்டும்.

அதேவேளை, மன்னிப்பது மட்டும் பிள்ளைகளைக் காக்காது. வெளியே 22 பாகை செல்சியஸ் இருந்தாலும் மூடிய காருக்குள் ஒரு மணித்தியாலத்தில் 40 பாகையைத் தாண்டலாம். கண்ணாடியைச் சற்று இறக்கி வைப்பதால் பெரிய பயனில்லை. 4 வயதுக்குட்பட்டோரின் ஆசனத்துக்கு எச்சரிக்கைக் கருவியை இத்தாலி 2019இல் கட்டாயமாக்கியது. பாலர் பாடசாலை பஸ்ஸில் ஒரு சிறுமி இறந்த பின் ஜப்பானும் 2023இல் அத்தகைய பஸ்களுக்குக் கருவியைக் கட்டாயமாக்கியது.

கருவி இல்லாத நமக்கும் வழியுண்டு. கைப்பையையோ தொலைபேசியையோ பின் ஆசனத்தில் வையுங்கள். பூட்டுமுன் பின்கதவைத் திறந்து பாருங்கள். பிள்ளை வராவிட்டால் உடனே அழைக்கும்படி பாலர் பாடசாலையிடம் சொல்லி வையுங்கள். பாடசாலை வேன் சாரதிகள் கடைசி ஆசனம் வரை நடந்து பார்த்த பின்பே வாகனத்தைப் பூட்ட வேண்டும். 'எனக்கு இப்படி நடக்காது' என்று நம்புபவருக்கே இந்தப் பழக்கங்கள் அதிகம் தேவை.